லேப்டாப் ஸ்லோவா இருக்கா? இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி பத்து வரி எழுதிப் பாருங்க



ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மறுநாள் காலையில மீட்டிங். பிரசன்டேஷனைத் திறந்தா லேப்டாப் சுத்திக்கிட்டே இருக்கு. ஃபேன் சத்தம் மிக்ஸி மாதிரி கேட்குது. இத்தனைக்கும் பெருசா எதையும் திறக்கலை. ஒரு பிரவுசர், ஒரு ஃபைல், அவ்வளவுதான். அந்த எரிச்சல்ல போனை எடுத்தா, முதல்ல வர்ற விளம்பரமே புது லேப்டாப். பக்கத்துலயே ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. விரல் தானா அங்க போயிடும்.

எனக்கும் அப்படித்தான் போச்சு. என்னோடது நாலு வருஷப் பழைய லேப்டாப். 8 ஜிபி ரேம், உபுண்டு போட்டது. 60,000 ரூபாய்க்குப் புதுசு ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டற பக்கம் வரைக்கும் போயிட்டேன். அங்க நின்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை நீங்களும் பாருங்க.

60,000 ரூபாய், 15% வட்டி, 12 மாசம். மாசத் தவணை சுமார் 5,415 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 5,000. கிரெடிட் கார்டு இஎம்ஐயா இருந்தா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அது ஒரு 900 ரூபாய். ப்ராசஸிங் ஃபீ தனி. ஆக, 60,000 ரூபாய் பொருளுக்கு 66,000 கிட்ட கொடுக்கறோம்.

‘நோ காஸ்ட்ல வட்டியே இல்லையே’ன்னு கேட்கலாம். ஜீரோ பெர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி வேற பேர்ல உள்ள இருக்கும், இல்லைன்னா உங்களுக்கு வரவேண்டிய தள்ளுபடி அங்க காணாமப் போயிருக்கும்.

இப்போ அதே 5,415 ரூபாயை மாசாமாசம் 7% ஆர்டியில போட்டா, ஒரு வருஷத்துல 67,400 ரூபாய்க்கு மேல கையில நிக்கும். பழைய லேப்டாப் இன்னும் ஒரே ஒரு வருஷம் தாக்குப்பிடிச்சா போதும், புதுசை ரொக்கமாவே வாங்கிடலாம். மிச்சமும் இருக்கும்.

அதனால கேள்வி இதுதான். பழைய லேப்டாப் ஒரு வருஷம் தாங்குமா? அதுக்கு நிஜமாவே வயசாயிடுச்சா, இல்லை நமக்குத் தெரியாம ஏதோ பின்னாடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கா?

முதல்ல ஒரு எச்சரிக்கை

நான் இங்க சொல்றது உங்க சொந்த லேப்டாப்புக்கு மட்டும். ஆபீஸ்ல கொடுத்த லேப்டாப்ல தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. அதுல பின்னாடி ஓடற செக்யூரிட்டி சாஃப்ட்வேர், விபிஎன் எல்லாம் கம்பெனியோட பாலிசிப்படி இருக்கறது. அதை நிறுத்தினா உங்க பேர்ல ஐடி டீமுக்கு அலெர்ட் போகலாம். லேப்டாப் வேகமாகி வேலை போனா லாபம் இல்லை பாருங்க.

பின்னாடி யார் உட்கார்ந்திருக்காங்க?

திரையில தெரியாம பின்னணியில ஓடற ப்ரோக்ராமை பேக்கிரவுண்ட் ப்ராசஸ்னு சொல்றோம். யூனிக்ஸ் உலகத்துல இதுக்கு ‘டீமன்’னு ஒரு பழைய பேர் உண்டு. 1960-கள்ல அமெரிக்காவுல எம்ஐடியில வேலை பார்த்தவங்க வெச்ச பேர் அது. கண்ணுக்குத் தெரியாம ஓயாம வேலை செய்யற ஒரு பூதம்ங்கிற அர்த்தத்துல வெச்சாங்க.

எல்லா பூதமும் கெட்டது இல்லை. வைஃபையைப் பிடிச்சு வைக்கறது, சவுண்ட் வர வைக்கறது, பேட்டரியைக் கவனிக்கறது எல்லாமே இந்த மாதிரி ப்ராசஸ்தான். அதனால எடுத்த உடனே நிறுத்தக் கூடாது. முதல்ல எண்ணணும்.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்க. எதையும் திறக்காம பத்து நிமிஷம் விட்டுடுங்க. அப்புறம் டெர்மினல்ல ‘டாப்’ன்னு டைப் பண்ணுங்க. எந்தெந்த ப்ராசஸ் ஓடுதுன்னு பட்டியல் வரும். கேபிட்டல் எம் அழுத்தினா அதிகமா மெமரி சாப்பிடறது மேல வரும். கேபிட்டல் பி அழுத்தினா சிபியு சாப்பிடறது மேல வரும். முதல் பத்துப் பேரை ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க.

அடுத்து ‘ஃப்ரீ’ங்கிற கமாண்ட். இதுல நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. ஃப்ரீ அப்படிங்கிற கட்டத்துல ரொம்பக் கம்மியா காட்டும், உடனே பயந்துடுவாங்க. லினக்ஸ் சும்மா கிடக்கற ரேமை ஃபைல்களை வேகமா எடுத்துக் கொடுக்கப் பயன்படுத்திக்கும், கேட்டா திருப்பிக் கொடுத்துடும். அதனால நீங்க பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ங்கிற கட்டத்தை.

என் லேப்டாப்ல எதையும் திறக்காமலே பாதி ரேம் போயிருந்துச்சு. யார் யார்னு பார்த்தா, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் தேவைப்படற மீட்டிங் ஆப். எப்பவோ இன்ஸ்டால் பண்ணின மியூசிக் ஆப். மூடின பிறகும் மூடாத பிரவுசர். ஃபைல்களைத் தேடறதுக்காக வரிசைப்படுத்திக்கிட்டே இருக்கற ‘ட்ராக்கர்’. வித்துட்ட பிரிண்டரோட உதவி ப்ரோக்ராம். ரெண்டு கிளவுட் ஸிங்க் ஆப். இதுல ஒண்ணைக்கூட அன்னிக்கு நான் திறக்கலை.

பத்து வரி ஸ்கிரிப்ட்

ஒவ்வொண்ணையும் கையால நிறுத்தலாம். ஆனா தினமும் யார் செய்யறது? அதுக்குத்தான் ஷெல் ஸ்கிரிப்ட். நாம டெர்மினல்ல டைப் பண்ற கமாண்டுகளையே ஒரு ஃபைல்ல வரிசையா எழுதி வெச்சா அதுதான் ஸ்கிரிப்ட். பெரிய ப்ரோக்ராமிங் அறிவு தேவையில்லை. எழுத்துக்கு எழுத்து வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல கொடுத்திருக்கேன். அது என்ன செய்யுதுன்னு இங்க சொல்லிடறேன். புரியாத ஸ்கிரிப்டை ஓட விடக் கூடாது, அது நான் கொடுத்ததா இருந்தாலும் சரி.

முதல் வரி, இது பேஷ் ஷெல்ல ஓடணும்னு சொல்லுது. ரெண்டாவது வரியில நிறுத்த வேண்டிய ப்ராசஸ் பேர்கள். இந்தப் பட்டியல் என்னோடது. உங்களோடதை நீங்கதான் எழுதணும். அதுக்கப்புறம் ஒரு லூப். பட்டியல்ல இருக்கற ஒவ்வொரு பேருக்கும் ‘பிகிரெப்’ மூலமா, இது என் யூசர் பேர்ல ஓடுதான்னு பார்க்கும். ஓடலைன்னா அடுத்த பேருக்குப் போயிடும். ஓடினா ‘பிகில்’ மூலமா நிறுத்தச் சொல்லும். அஞ்சு செகண்ட் காத்திருக்கும். திரும்பப் பார்க்கும். இன்னும் ஓடுதுன்னா ‘போகலை’ன்னும், போயிடுச்சுன்னா ‘போச்சு’ன்னும் தேதி, நேரத்தோட ஒரு லாக் ஃபைல்ல எழுதும். அவ்வளவுதான்.

இதுல நாலு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, 15-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம். கில் கமாண்ட் சாதாரணமா அனுப்பறது 15-ஆம் நம்பர் சிக்னல். ‘கடையை மூடுங்க’ன்னு சொல்ற மாதிரி. ப்ரோக்ராம் கையில இருக்கறதை சேவ் பண்ணிட்டு கிளம்ப நேரம் கிடைக்கும். மைனஸ் 9 போட்டா அந்தப் பேச்சே இல்லை, அந்த நொடியே வெளிய தள்ளிடும். சேவ் பண்ணாத வேலை போயே போச்சு. இன்டர்நெட்ல நிறைய பேர் எடுத்த எடுப்புலயே மைனஸ் 9 போடச் சொல்வாங்க. நம்ம ஸ்கிரிப்ட்ல அது கிடையாது.

ரெண்டு, 15 எழுத்துக் கணக்கு. லினக்ஸ் ஒரு ப்ராசஸோட பேர்ல முதல் 15 எழுத்தைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். பேர் அதைவிட நீளமா இருந்து, ‘அச்சு அசலா இதே பேர்’னு தேடினா கிடைக்காது. ஸ்கிரிப்ட் சத்தமில்லாம தாண்டிப் போயிடும். நீங்க நின்னுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருப்பீங்க.

மூணு, அதுக்காக மைனஸ் எஃப் போட்டு முழுக் கமாண்ட் வரியிலயும் தேடறவங்க, பேரை முழுசா கொடுங்க. பொதுவான ஒரு வார்த்தையைக் கொடுத்தா, அந்த வார்த்தை பேர்ல இருக்கற ஃபைலை நீங்க எடிட் பண்ணிக்கிட்டு இருந்தாலும் அந்த எடிட்டரும் சேர்ந்து போயிடும்.

நாலு, சூடோ போடாதீங்க. உங்க பேர்ல ஓடறதை நிறுத்த உங்க அதிகாரமே போதும். அது போதாத ப்ராசஸ்னா, பெரும்பாலும் நீங்க நிறுத்தக் கூடாத ப்ராசஸ்.

நிறுத்தினா திரும்ப வருதே?

முதல் நாள் ஸ்கிரிப்ட் ஓட விட்டதும் லேப்டாப் காத்து மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் காலையில பார்த்தா அத்தனை பேரும் பழையபடி உட்கார்ந்திருக்காங்க. ட்ராக்கர் மறுநாள் வரைக்கும்கூட காத்திருக்கலை, நிறுத்தின கொஞ்ச நேரத்துலயே வந்துடுச்சு. லாக் ஃபைலைப் பார்த்தா தினமும் அதே பேர், தினமும் ‘போச்சு’.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் நிறுத்தறது ப்ராசஸை. அதை யாரோ தினமும் ஆரம்பிச்சு வைக்கறாங்க. அந்த ‘யாரோ’வைப் பிடிக்கற வரைக்கும் இது முடியாது.

லினக்ஸ்ல அது பெரும்பாலும் மூணு இடத்துல இருக்கும். முதல்ல அந்த ஆப்போட செட்டிங்ஸ்லயே ‘லாகின் ஆனதும் திற’ங்கிற டிக். குரோம் மாதிரி பிரவுசர்ல ‘மூடின பிறகும் பின்னணியில ஓடு’ன்னே ஒரு ஸ்விட்ச் இருக்கு, அதை ஆஃப் பண்ணுங்க. ரெண்டாவது, ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ் பட்டியல். மூணாவது, சிஸ்டம்-டி. இதுதான் லினக்ஸ்ல எல்லா சர்வீஸையும் எழுப்பி விடற மேஸ்திரி. ஒரு சர்வீஸ் விழுந்தா உடனே திரும்ப எழுப்புன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கலாம். அங்க போய் அந்த சர்வீஸை ‘டிஸேபிள்’ பண்ணணும். அப்பவும் வேற ஏதாவது ஒரு ப்ரோக்ராம் கூப்பிட்டு எழுப்பினா ‘மாஸ்க்’ பண்ணணும். ட்ராக்கரை மாஸ்க் பண்ணினா ஃபைலுக்குள்ள இருக்கற வார்த்தையைத் தேடற வசதி போயிடும். எனக்கு அது தேவைப்படலை. உங்களுக்குத் தேவைன்னா விட்டுடுங்க.

மேக் வெச்சிருக்கவங்களுக்கு சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், அதுல லாகின் ஐட்டம்ஸ். விண்டோஸ்னா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் ஆப்ஸ். கதை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்.

இப்படி வேரைப் பார்த்து வெட்டினதுக்கு அப்புறம் என் ஸ்கிரிப்ட்ல மிச்சம் இருந்தது ரெண்டே பேர். மீட்டிங் ஆப், மியூசிக் ஆப். வேணும்போது திறந்துட்டு மூட மறந்துட்டா, ஸ்கிரிப்ட் கூட்டிப் பெருக்கிடும். ஸ்கிரிப்டோட நிஜமான உதவி நிறுத்தறது இல்லை, எது திரும்பத் திரும்ப வருதுன்னு அந்த லாக் ஃபைல் காட்டிக் கொடுத்ததுதான்.

எனக்கு 24,000 ரூபாய் பாடம்

இதைச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரையை எழுதறதுல அர்த்தமே இல்லை.

முதல்ல எழுதின ஸ்கிரிப்ட்ல ரெண்டு கிளவுட் ஸிங்க் ஆப்பையும் சேர்த்திருந்தேன். அது ஒரு ஜனவரி மாசம். ஆபீஸ்ல வரிச் சலுகைக்கான ப்ரூஃப் கேட்டிருந்தாங்க. நான் பழைய வரி முறையில இருந்தேன். வாடகை ரசீது, வீட்டு ஓனரோட பான், அக்ரிமென்ட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, அவங்க கொடுத்திருந்த ஷேர்டு ஃபோல்டர்ல போட்டேன். என் லேப்டாப்ல அந்த ஃபோல்டர்ல அத்தனையும் அழகா இருந்துச்சு. நிம்மதியா தூங்கினேன்.

அதை மேல ஏத்த வேண்டிய ப்ரோக்ராமை என் ஸ்கிரிப்ட் தினமும் ராத்திரி ஒழுங்கா நிறுத்திக்கிட்டு இருந்துச்சு. ஹெச்ஆர் பக்கம் ஃபோல்டர் காலி. கடைசித் தேதி தாண்டிடுச்சு, பேரோல் லாக் ஆயிடுச்சு. வருஷத்துக்கு 1,15,000 ரூபாய் ஹெச்ஆர்ஏ சலுகை கணக்குல வராததால, பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசச் சம்பளத்துல கிட்டத்தட்ட 24,000 ரூபாய் கூடுதலா டிடிஎஸ் பிடிச்சாங்க.

பணம் ஒரேயடியா போகலை. ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது ஹெச்ஆர்ஏவை நாமளே காட்டலாம், கூடுதலா பிடிச்ச வரி ரீஃபண்டா வரும். எனக்கும் வந்துச்சு. ஆனா அது வர்ற வரைக்கும் அஞ்சு மாசம். அதுக்குள்ள மார்ச் மாச வீட்டு வாடகைக்கு நண்பன்கிட்ட கை நீட்ட வேண்டியதாப் போச்சு. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. பட்டியல்ல அந்தப் பேரை எழுதினது நான்தான். அது என்ன வேலை செய்யுதுன்னு கேட்காம எழுதினேன்.

அன்னையிலிருந்து ஒரு விதி வெச்சிருக்கேன். பட்டியல்ல ஒரு பேர் சேர்க்கறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு வரி எழுதணும்: இது நின்னா எனக்கு எது நிக்கும்? அந்த வரியை எழுதத் தெரியலைன்னா, அந்தப் பேர் பட்டியல்ல ஏறாது.

இதே வேலையை பேங்க் அக்கவுண்ட்லயும் செய்யுங்க

லேப்டாப்பை முடிச்ச கையோட பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தேன். அங்கயும் அதே கூட்டம். நான் திறக்காத ஆப்கள், மாசாமாசம் பின்னணியில சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. 149, 199, 99, 299. கூட்டினா மாசம் 746 ரூபாய், வருஷத்துக்கு 8,952.

இதுல ரெண்டு ஆப்பை நான் எப்பவோ அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன்! ஆனா பணம் போய்க்கிட்டே இருந்துச்சு. ஏன்னா ஆப்பை நீக்கறது ப்ராசஸை நிறுத்தற மாதிரி. அதை மாசாமாசம் எழுப்பி விடற மேஸ்திரி வேற இடத்துல இருக்கார். அவர் பேர் மேண்டேட்.

அதுவும் பெரும்பாலும் மூணு இடத்துல இருக்கும். யுபிஐ ஆட்டோபேன்னா, எந்த யுபிஐ ஆப்ல ஒப்புதல் கொடுத்தீங்களோ அதோட ஆட்டோபே பகுதியில. கார்டுன்னா, கார்டு கொடுத்த பேங்கோட இ-மேண்டேட் பக்கத்துல. நாச்ன்னா, நெட்பேங்கிங்ல மேண்டேட் பகுதியில. ஆப்லயும் சப்ஸ்கிரிப்ஷனை கேன்சல் பண்ணிட்டு, இங்கயும் போய் ரத்து பண்ணுங்க.

கார்டு இ-மேண்டேட்டை எப்ப வேணாலும் ஆன்லைன்ல திரும்பப் பெற பேங்க் வசதி கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. பணம் எடுக்கறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி தகவல் அனுப்பணும்னும் இருக்கு. அந்த மெசேஜை நாம விளம்பரம்னு நினைச்சு தள்ளி விடறோம். அதுதான் நம்ம லாக் ஃபைல். இனிமே படிங்க. பொதுவா 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்காமலே ஆட்டோ டெபிட் போகலாம், அதனால அந்த மெசேஜ் ஒண்ணுதான் உங்களை எழுப்பற அலாரம்.

இங்கயும் மைனஸ் 9 வேண்டாம். கோபத்துல எல்லா மேண்டேட்டையும் ஒரே ராத்திரியில ரத்து பண்ணிடாதீங்க. அதுல உங்க டேர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் இருக்கும், எஸ்ஐபி இருக்கும், லோன் இஎம்ஐ இருக்கும். பிரீமியம் நின்னா பாலிசி காலாவதி ஆகும். இஎம்ஐ பவுன்ஸ் ஆனா அபராதமும் வரும், கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும். ஒவ்வொண்ணுக்கும் அதே கேள்வியைக் கேளுங்க: இது நின்னா எனக்கு எது நிக்கும்?

அப்போ புது லேப்டாப் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். எல்லாத்தையும் சுத்தம் பண்ணின பிறகும், உங்க நிஜமான வேலைக்கே ‘அவைலபிள்’ மெமரி பத்தலைன்னா, முதல்ல ரேம் கூட்ட முடியுமான்னு பாருங்க. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்லயே ஓடுதுன்னா எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். அதுவும் முடியாதுன்னா, பேட்டரியும் போயிடுச்சுன்னா, செக்யூரிட்டி அப்டேட்டும் வர்றது நின்னுடுச்சுன்னா புதுசுக்குப் போங்க. ஆனா ஆர்டி முடிஞ்சதும் போங்க.

என் பழைய லேப்டாப் இன்னும் ஓடுது. இந்தக் கட்டுரையே அதுல எழுதினதுதான். ஆர்டியில இது ஒன்பதாவது மாசம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. அரை மணி நேரம் லேப்டாப்புக்கு, அரை மணி நேரம் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கு. ரெண்டு பட்டியல் எழுதுங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அந்த ஒரு வரியை எழுதுங்க. உங்க பட்டியல்ல நீங்க எதிர்பார்க்காத பேர் எது இருந்துச்சுன்னு வீடியோவுக்குக் கீழ சொல்லுங்க, அடுத்த வாரம் அதைப் பத்திப் பேசலாம்.